பின் அடித்த பக்கங்கள்

மே 4, வியாழன்

இன்றைக்குத்தான் கத்திரி ஆரம்பம் என்று காலண்டர் சொல்கிறது. தாராபுரத்து வெயிலுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. பங்குனியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. காலையிலேயே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. ஆனாலும் வடகம் பிழிந்தாயிற்று. வேட்டியின் ஒரு ஓரத்தில் நான், இன்னொரு ஓரத்தில் மருமகள் அனுசுயா. அவள் பிழிந்தது வரிசையாக இருக்கிறது. நான் பிழிந்தது கோழி கிளறிய மாதிரி.

அவள் மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். ஜூன் வரைக்கும் லீவு. திருப்பூர் ரோட்டில் லாரி அடித்து என் மகன் திலீபன் போன பிறகு இது இரண்டாவது கோடை. அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதுவதாக இல்லை.

போன கோடையை இரண்டு பேரும் சுவரைப் பார்த்தே கழித்தோம். இந்தத் தடவை அப்படி விடக்கூடாது என்று கிளை நூலகத்தில் இரண்டு பேருக்கும் கார்டு போட்டுவிட்டேன். மத்தியானம் முழுக்கப் படிக்கலாம். ஆனால் எந்தப் புத்தகமானாலும் முதலில் நான் படிப்பேன், பிறகுதான் அவளுக்கு. கதையில் சின்ன வயசு ஆம்பளை எவனாவது சாகிறானா என்று பார்த்துவிட வேண்டும். செத்தால் புத்தகம் திரும்பிப் போய்விடும். இருபத்தெட்டு வயசுப் பெண். அவள் மனசை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

மே 6, சனி

காங்கேயத்திலிருந்து அனுவின் அண்ணன் சிவராஜ் கூப்பிட்டான். என் போனுக்குத்தான். "அத்தை, கோயமுத்தூர்ல ஒரு எடம் வந்திருக்குதுங். பேரு பூபதி. பம்பு செட்டு கம்பெனில வேலை. சம்சாரம் நோவுல போயி மூணு வருசமாச்சுங். கொழந்த கிழந்த இல்லீங். அனுகிட்டப் பேசோணும்."

"அவளுக்கு இப்ப ஸ்கூல்ல பேப்பர் திருத்துற வேலை தலைக்கு மேல கெடக்குது தம்பி. பொறவு பேசலாம்" என்றேன்.

பள்ளி மூடி ஒரு வாரம் ஆகிறது. சட்டென்று வாயில் வந்தது அதுதான். இந்த வெயிலில் அவளைப் போட்டு எதற்குத் தொந்தரவு பண்ண வேண்டும்?

மே 9, செவ்வாய்

முதல் புத்தகம் முடித்தேன். ஒரு டாக்டரும் ஒரு பாட்டு டீச்சரும். இருநூறு பக்கம் கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருபதாம் பக்கத்தில் கல்யாணம் முடிந்திருக்கும். எழுதினவருக்குச் சோறு தண்ணி போட்டுப் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை போல. ஆனால் சாவு இல்லை. அனுவுக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவதில் எழுபதாம் பக்கத்திலேயே பட்டாளத்துக்காரன் போய்விட்டான். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து புத்தகத்தைப் பையில் போட்டேன்.

மே 13, சனி

வெள்ளரிக்காய், மோர், பழைய சோறு. வேறொன்றும் இறங்கவில்லை. இவருக்கு மட்டும் இந்த வெயிலிலும் கொள்ளு ரசம் வேண்டுமாம். மாட்டுத் தீவனக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து நாக்கும் அப்படி ஆகிவிட்டது.

இன்றைக்கு ஒரு சங்கடம். நல்ல கதை ஒன்று கிடைத்தது. ஆற்றோரத்து ஊர், மூன்று அக்கா தங்கைகள், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார்கள். நடு அக்காள் அப்படியே அனு மாதிரி, கோபம் வந்தால் பாத்திரம் கழுவப் போய்விடுகிறாள். ஆனால் நடுவில் அவள் புருஷன் வெள்ளத்தில் போகிறான். நாலே நாலு தாள்தான். அதற்காக முழுப் புத்தகத்தையும் திருப்புவதா? அனுவின் ஸ்கூல் பையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து அந்த நாலு தாளையும் சேர்த்துப் பின் அடித்துவிட்டேன். ஓரத்தில் மூன்று, மேலே இரண்டு. பிரிக்கவே முடியாது.

கேட்டால், லைப்ரரியில் அப்படித்தான் கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மே 16, செவ்வாய்

"எப்புடி கண்ணு இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சுங்கத்தை" என்றாள். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து முருங்கைக்கீரையை உருவினாள். "அந்த நடு அக்காவோட ஊட்டுக்காரருதான் பாதில காணாமப் போயிட்டாருங்."

"அப்புடியா?"

"எங்கயோ வெளியூருக்கு வேலைக்குப் போயிட்டாரு போலிருக்குதுங்."

"இருக்கும் இருக்கும். அந்தக் காலத்துல பம்பாய்க்குப் போவாங்க" என்றேன்.

தப்பித்தேன்.

மே 19, வெள்ளி

மறுபடி சிவராஜ். "அவளுக்கு அம்மை போட்டிருக்குது தம்பி, தலைக்கு இன்னும் தண்ணி ஊத்துல" என்று சொல்லிவிட்டேன். ஆத்தா மாரியாத்தா, தப்பா எடுத்துக்காதே. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக உன் பேரில் பொய்.

போனை வைத்ததும் இவர், "யாருக்கு அம்மை?" என்றார். "பக்கத்து ஊட்டுக்கு" என்றேன். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று. ஊறுகாய்க்கு உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

மே 24, புதன்

கரண்ட் இல்லை. மத்தியானம் வேப்பமரத்து நிழலில் கட்டிலைப் போட்டு ஆளுக்கொரு புத்தகம். அவள் எடுத்து வந்தது சிரிப்புக் கதைகளாம். நகைக்கடையில் திருடப் போனவன் கக்கூஸில் மாட்டிக்கொள்கிறான். சிரிப்பே வரவில்லை. போன வாரம் அவள் எடுத்ததும் இதே ரகம்தான். பி.காம். படித்த பெண்ணுக்கு ரசனை இவ்வளவு மட்டமா? ஆனாலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது "ஹா ஹா" என்று சிரித்து வைத்தேன். அவளும் சிரித்தாள்.

காற்று அடித்ததில் வேப்பம்பழம் அவள் தலையில் விழுந்தது. நான் எடுத்துவிட்டேன். முடி நன்றாக இருக்கிறது. பூ வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டாள். நான் வைக்காதே என்று சொல்லவில்லை. வை என்றும் சொல்லவில்லை.

மே 28, ஞாயிறு

நாளையோடு கத்திரி முடிகிறதாம். வெயிலுக்கு யார் சொல்வது?

ஜூன் 3, சனி

மானமே போயிற்று.

நூலகத்துக்குத் தனியாகத்தான் போனேன். பூமகள் மேசையில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூலகர் அவள்தான்; எங்கள் தெருப் பெண், நாற்பது வயசிருக்கும், குரல் மட்டும் மைக் செட்.

"தெய்வானைக்கா, இதுல பின் அடிச்சது நீங்கதான? கவர்மென்ட் புஸ்தகத்துக்கு என்னக்கா பண்டுதம் வைத்தியம் இது?"

இரண்டு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தார்கள். காதோரம் சுட்டது. மெதுவாகச் சொன்னேன், மருமக படிக்கிறா, புருசன் சாவுற கதை அவ கண்ணுல படக்கூடாதுன்னுதான் என்று.

பூமகள் என்னையே பார்த்தாள். மைக் செட் அணைந்துவிட்டது. "ஏனுங்க்கா, அனு உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா? அந்தப் புள்ள போன மாசமே எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போச்சு. 'எங்கத்தை படிக்கறாங்கக்கா. மகன் சாவுற கதையா இருந்தா அவிய கைல குடுத்தறாதீங்க. சிரிப்புக் கதையா எடுத்து வைங்க'ன்னு. நாந்தான் தேடித் தேடி எடுத்து வெச்சேன். அது ஒவ்வொண்ணையும் இங்கயே உக்காந்து மொதல்ல படிச்சுப் பாத்துட்டுத்தான் ஊட்டுக்கு எடுத்துட்டு வரும்."

புத்தகம் எடுக்காமலேயே வந்துவிட்டேன்.

அப்படியானால் அந்தத் திருடன் கதையும் அவளுக்குப் பிடித்து எடுத்ததில்லை. எனக்காகச் சிரித்திருக்கிறாள். நான் அவளுக்காகச் சிரித்தேன். வேப்பமரம் ஒன்றுதான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து உண்மையாகச் சிரித்திருக்கும்.

ஜூன் 4, ஞாயிறு

அவளிடம் கேட்டே விட்டேன். சுற்றி வளைக்கவெல்லாம் எனக்குத் தெரியாது. "லைப்ரரில என்ன சொல்லி வெச்ச?"

அவள் முகம் வெளுத்துப் போனது. பிறகு, "நீங்க என்ன பின் அடிச்சு வெச்சீங்க?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியுமுங்கத்தை. வெளிச்சத்துல புடிச்சுப் படிச்சேன். பாதி எழுத்து தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்குடி பம்பாய்ங்கிற?"

"பம்பாய்ன்னு நீங்கதான் சொன்னீங்க!"

சிரித்துவிட்டோம். இரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் கேட்ட முதல் நிஜச் சிரிப்பு. கடைக்குக் கிளம்பிய இவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

சாயங்காலம் அவளே போய்ப் பூமகளிடமிருந்து அந்தப் புத்தகத்தை வாங்கி வந்தாள். கொண்டை ஊசியால் ஒவ்வொரு பின்னாக நெம்பி எடுத்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து அந்த நாலு தாளையும் சத்தமாகப் படித்தாள். வகுப்பில் படிக்கிற குரல், நிறுத்தி, தெளிவாக. வெள்ளம் வருகிறது. அவன் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிடப் போகிறான். கன்றுக்குட்டி கரையேறிவிடுகிறது.

மூன்றாவது தாளில் அவள் குரல் நின்றுவிட்டது. நான் வாங்கிப் படித்தேன். எனக்கு எழுத்து தெரியவில்லை. யார் எதைப் படித்தோம் என்று ஞாபகமில்லை.

பிறகு அவள் சொன்னாள்: "அவருக்குப் பல்லின்னா அப்படிப் பயமுங்கத்தை. கல்யாணமாயி மூணாம் நாளு கட்டலு மேல ஏறி நின்னுக்கிட்டாரு. நாந்தான் வெளக்கமாத்த எடுத்துட்டுப் போனேன்."

"மூணு வயசுலயே அப்படித்தான். தொட்டில விட்டு எறங்க மாட்டான்."

"அந்தப் பல்லி வெளிய போற வரைக்கும் 'அம்மா, அம்மா'ன்னு உங்களைத்தான் கூப்பிட்டாரு. நீங்க எந்திரிச்சு வந்துரப் போறீங்கன்னு வாயைப் பொத்துனேனுங்."

ஐயோ என் சாமி. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனே. எந்த ரோட்டில் கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பேனே.

அழுதோம். அவள் என் மடியில், நான் அவள் முதுகில். சாவு வீட்டில்கூட இப்படி அழவில்லை. அன்றைக்கு அவளைப் பார்த்து நான் அடக்கினேன், என்னைப் பார்த்து அவள் அடக்கினாளாம்.

ஜூன் 5, திங்கள்

கண் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. ஆனால் உடம்பு லேசாக இருக்கிறது. மாவு ஆட்டினேன். ஆட்டும்போது ஒரு யோசனை வந்தது. எழுதவா வேண்டாமா என்று காலையிலிருந்து பார்க்கிறேன்.

பிடிக்காத புத்தகத்தை அவள் எனக்காகப் படித்தாள். எனக்காகச் சிரித்தாள். எனக்காக அழாமல் இருந்தாள். அப்படியானால் இந்த வீட்டில் இருப்பது?

இதற்கு மேல் ஆட்டுக்கல்லில் கை ஓடவில்லை. மாவு கொரகொரவென்றே இருக்கட்டும்.

ஜூன் 8, வியாழன்

கேட்டேன். "உங்கண்ணன் ஒரு எடம் பாத்திருக்கறானாமா" என்றேன்.

"தெரியுமுங்கத்தை. எனக்கும்தான் கூப்பிட்டான். அம்மை எப்படி இருக்குதுன்னு கேட்டான்." அவள் உதட்டோரம் துடித்தது. "முடியாதுன்னு சொல்லிட்டனுங்."

"ஏன்? பையன் புடிக்கலையா?"

"ஒருக்கா பேசுனேன். நல்லாத்தான் பேசுனாரு. அவிய சம்சாரத்தைப் பத்தி எங்கிட்ட மறைக்காமச் சொன்னாரு. அதெல்லாம் இல்லீங். உங்களை வுட்டுட்டு நான் எங்க போறது? மாமா கடைக்குப் போயிட்டா நீங்க யாருகூடப் பேசுவீங்க?"

நன்றாகத்தான் இருந்தது கேட்க. குளிர்ந்துவிட்டது நெஞ்சு. சரி போ, விட்டது தொல்லை என்று அரிசி களையப் போனேன். களைந்து முடிப்பதற்குள் குளிர்ச்சியெல்லாம் போய்விட்டது. "நல்லாத்தான் பேசுனாரு" என்றபோது அவள் தாவணிப் பெண் மாதிரி முந்தானையைத் திருகினாள். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருக்க என்னால் முடியவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

நானே சிவராஜை வரச் சொன்னேன். வந்தான், மாம்பழக் கூடையோடு. எங்கள் சனத்தில் மறுகல்யாணமெல்லாம் முன்பு நடக்காது. இப்போதுதான் இங்கொன்றும் அங்கொன்றுமாக நடக்கிறது. அவன் இவரிடம் பயந்து பயந்து பேசினான். "ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சறலாமுங் மாமா. அவிய காத்துக்கிட்டு இருக்கறாங். ஆனா அனு அசைய மாட்டேங்கிறாளே."

இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "புள்ள மாதிரி வெச்சிருந்தோம். புள்ளைக்கு என்ன பண்ணுவமோ அதப் பண்ணோணும்" என்றார். பேசாத மனுஷன். பேசினால் இப்படித்தான் ஆளைக் கொல்கிற மாதிரிப் பேசுவார்.

அனு உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். "நான் போக மாட்டன்னா போக மாட்டேன்" என்று அங்கிருந்தே சொன்னாள்.

ஜூன் 12, திங்கள்

சொல்லிவிட்டேன்.

துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். முகத்தைப் பார்த்தால் வராது என்று கொடிக்கயிற்றைப் பார்த்துச் சொன்னேன். "இங்க பாரு அனு. உன்னப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அவன் நாவகந்தான் வருது. காத்தால எந்திரிச்சதும் உம் மூஞ்சி. எனக்குத் தாங்குல. எம் மகன் இல்லாத ஊட்ல நீ மட்டும் எதுக்கு? நீ போனீன்னாத்தான் எனக்கு நிம்மதி."

அவள் கையில் ஈரச் சட்டை. இவருடைய சட்டை. அதைப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பப் பிழிந்தாள். தண்ணீரே வரவில்லை, பிழிந்துகொண்டே இருந்தாள்.

"நிசமாத்தான் சொல்றீங்களாத்தை?"

"நிசமாத்தான்."

"சரிங்" என்றாள்.

பொய். பொய். பொய். இங்கேயாவது எழுதி வைக்கிறேன். காலையில் எழுந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் எழுந்திருக்கிறேன்.

ஜூன் 13, செவ்வாய்

அவள் என்னோடு பேசவில்லை. காபி மட்டும் வைத்துவிட்டுப் போனாள். சர்க்கரை சரியாக இருந்தது.

ஜூன் 18, ஞாயிறு

பள்ளியில் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சிவராஜ் கார் கொண்டு வந்தான். பெட்டி இரண்டு, பீரோவில் இருந்த துணி, அவளுடைய இட்லிச் சட்டி. திலீபன் போட்டோவை எடுத்துக்கொள்வதா என்று கொஞ்ச நேரம் நின்றாள். "அது இங்கயே இருக்கட்டும்" என்றேன். அங்கே போய் அது வேறொரு வீட்டுச் சுவரைத் தேட வேண்டாம்.

இவர் காலில் விழுந்தாள். என் காலில் விழ வந்தபோது நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை. விழுந்திருந்தால் நான் அவளைத் தூக்கி இருக்க மாட்டேன், அவளோடு சேர்ந்து விழுந்திருப்பேன்.

கார் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

ஜூன் 25, ஞாயிறு

மழை. வடகம் இருந்த டப்பாவில் பூச்சி வந்துவிட்டது. வெயிலில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒன்றும் படிக்கவில்லை. பூமகள் தெருவில் பார்த்து, "புதுசா வந்திருக்குதுக்கா" என்றாள். வருகிறேன் என்றேன்.

ஜூலை 7, வெள்ளி

இன்றைக்குக் கல்யாணம். சிவன்மலையில், சாமி சன்னிதியில், பத்துப் பேரோடு. நான் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். உன்னைப் பார்த்தால் தாங்கவில்லை என்று சொன்ன வாயோடு எப்படிப் போய் முன்னால் நிற்பது? பட்டுச் சேலையும் பூவும் மட்டும் இவரிடம் கொடுத்தனுப்பினேன். பூவை நானே கட்டினேன்.

மத்தியானத்துக்கு மேல் இவர் வந்தார். சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்காமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

"எப்படி இருந்தா?"

"நல்லா இருந்தா. நீ குடுத்தனுப்புன பூவத்தான் வெச்சிருந்தா. அந்தப் பையனும் நல்ல மாதிரிதான். படி எறங்கறப்ப என் செருப்பத் தேடிக் கொண்டாந்து போட்டான்."

"என்மேல கோவமா இருக்கறாளா?"

இவர் துண்டை எடுத்தார், மடியில் வைத்தார். "தாலி கட்டுறதுக்கு மின்னால எங்கிட்ட வந்து காதோட சொன்னா. 'அத்தைக்குப் பொய் சொல்லத் தெரியாதுங் மாமா. கொடிக்கயித்தப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னதுக்கு அப்பறமும் நான் போகலீன்னா, அது எப்படீங் மாமா?' அப்படின்னா."

அப்படியானால் இதுவும் எனக்காகத்தானா?

கழுத்தை நீட்டியதும் எனக்காகவா? அவள் முந்தானையைத் திருகியதை நான் பார்த்தேனே. அது நிஜம்தானே? யாரிடம் போய்க் கேட்பது? அவளிடம் கேட்டால் "எனக்குப் புடிச்சுத்தானுங்கத்தை" என்பாள். அது எனக்காகச் சொல்வதா, அவளுக்காகச் சொல்வதா என்று இனிமேல் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? என் வயிற்றில் பிறந்தவனே இவ்வளவு என்னைப் பார்த்ததில்லை. பாவி, கடைசி வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இவர் போன் அடித்தது. கோயமுத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். அவள் குரல் எனக்கும் கேட்டது, இவர் போனைக் காதில் வைத்தாலும் ஊருக்கே கேட்கும். வீடு நன்றாக இருக்கிறதாம். தண்ணீர் உப்பு இல்லையாம்.

"அத்தை சாப்பிட்டாங்களா மாமா?"

இவர் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்று சொல்லச் சொல்லி.

"சாப்பிட்டுட்டா அம்மணி" என்றார்.

"நிசமாத்தானுங்?"

"நிசமாத்தான்."

அவர் போனை வைத்த பிறகு நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். காலையில் ஆக்கிய அரிசிம்பருப்புச் சோறு அப்படியே ஆறிக் கிடந்தது. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் விட்டு விட்டு இறக்கினேன். அவளிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.